அக்கூஸ்டிக் கிட்டார் கம்பியை மின்காந்தத்தால் அதிர வைக்கப் பார்க்கிறேன், ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சம் ஏற்றினாலே கீச்சென்று கத்துகிறது

கம்பிநாதம் எழுதியது:

நாலு மாதமாக ஒரு பழைய பெட்டிக் கிட்டாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இனித் தனியாக யோசித்துப் பிரயோஜனமில்லை என்று இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்கு வேண்டியது இது. ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், ஸ்பீக்கர் கிடையாது. சவுண்ட் ஹோல் ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் ஒரு மின்காந்தம் இருக்க வேண்டும், ஒரு தடவை மீட்டினால் அது கம்பியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இடது கை விரலை எடுக்கும்வரை சுரம் அணையக் கூடாது. ஒலி மரப்பெட்டியிலிருந்தே வர வேண்டும். மேடையென்றால் கேபிளைச் செருகி மின்சாரக் கிட்டார் போல வாசிக்கிற வசதியும் அதிலேயே வேண்டும்.

ஏன் இந்த ஆசை என்றால், நான் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றவன். ஆலாபனையில் ஒரு சுரத்தில் நின்று இழுக்கிற இடம் வந்தாலே கிட்டார் கைவிட்டுவிடுகிறது, கமகம் பாதி வரும்போதே ஒலி மெலிந்துவிடுகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி போட்ட வாத்தியத்தை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு மின்சார மாண்டலினுக்குப் போனதும் இந்த நீட்சிக்காகவும் கமகத்துக்காகவும்தான். ஆனால் எனக்கு மரத்தின் ஒலியை விட மனசில்லை. நண்பர் ஒருவரிடம் ஈபோ, அதாவது கையில் பிடித்துக் காந்தப்புலத்தால் கம்பியை அதிர வைக்கிற சின்னக் கருவி, வாங்கி வைத்துப் பார்த்தேன் (கிரெக் ஹீட் 1969ல் கண்டுபிடித்தது, 1976ல் விற்பனைக்கு வந்தது). என் கிட்டாரே வில் போட்டு வாசித்த மாதிரிப் பாடியது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு கம்பிக்குத்தான், வலது கை முழுக்க அதற்கே போய்விடுகிறது.

சரி, நான் செய்துவைத்திருப்பது: 60 மி.மீ. நீள இரும்புப் பட்டை, அதன் மேல் 36 கேஜ் எனாமல் வயர் ஏறக்குறைய நூறு சுற்று, இதுதான் காயில் (கம்பிச்சுருள்), மல்டிமீட்டரில் 8 ஓம் காட்டுகிறது. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் எல்எம்386 ஆம்ப்ளிஃபையர். காயில் ஃபிரெட்போர்டு முடிகிற இடத்தில், சேடிலிலிருந்து (பிரிட்ஜ் மேல் கம்பிகள் உட்காருகிற பட்டை) 19 செ.மீ. தள்ளி. சவுண்ட் ஹோலின் மறுபக்க ஓரத்தில் ஒரு காந்தப் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுவது), அதிலிருந்துதான் ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னல். இரண்டுக்கும் நடுவே 8 செ.மீ. கூட இல்லை. வால்யூமைப் பாதி தாண்டினால் கீச்சென்று கத்துகிறது, பாதிக்குக் கீழே கம்பிக்கு எதுவுமே நடப்பதில்லை. காயிலைச் சுற்றிச் செம்புத் தகடு ஒட்டிப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. மொபைலில் 110 ஹெர்ட்ஸ் ஸைன் அலையைக் காயிலுக்குக் கொடுத்தும் பார்த்தேன், ஏ கம்பி லேசாக முனகி முனகி அடங்கிவிடுகிறது.

டிடிஏ2030 என்கிற பெரிய ஆம்ப்ளிஃபையர் சிப்பைப் போட்டுப் பவரை ஏற்றினால் சரியாகுமா? இல்லை ஒவ்வொரு கம்பிக்கும் தனிக் காயில் கட்ட வேண்டுமா?


ஓம்விதி எழுதியது:

முதலில் பவரை மறந்துவிடுங்கள். ஈபோவும் ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. கம்பிக்கு வேண்டியது மிகக் கொஞ்சம், சரியான நேரத்தில் கொடுத்தால் போதும். ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான், திரும்பி வரும்போது எதிரே நின்று எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஊஞ்சல் நிற்கத்தான் செய்யும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஆறு கம்பி மேலும் ஒரு துண்டைப் போட்டு நன்றாக அமுக்கிவிட்டு வால்யூமை ஏற்றுங்கள். அப்போதும் கத்தினால் (கத்தும், பந்தயம் கட்டுகிறேன்) கம்பிக்கும் அந்தக் கத்தலுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் காயிலும் பிக்அப்பும் சேர்ந்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஆகிவிட்டன. காயிலின் காந்தப்புலம் நேராகப் பிக்அப்புக்குள் போகிறது, பிக்அப் அதை ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிறது, அது திரும்பக் காயிலுக்கு. கம்பி நடுவில் வெறும் பார்வையாளர். மின்சாரக் கிட்டாரில் சஸ்டெய்னர் (சுரத்தை நீட்டுகிற இதே மாதிரி அமைப்பு) வைப்பவர்கள் காயிலைக் கழுத்துப் பக்கமும் பிக்அப்பை பிரிட்ஜ் ஓரமும் வைத்து முடிந்த அளவு தள்ளி வைப்பார்கள். சவுண்ட் ஹோல் குறுக்களவே 10 செ.மீ.தான், அதற்குள் எங்கே தள்ளுவது?

செம்புத் தகடு வேலை செய்யாததற்கும் காரணம் இருக்கிறது. செம்பு காந்தப்புலத்தைத் தடுப்பது சுழல் மின்னோட்டத்தால்தான், 100 ஹெர்ட்ஸில் அதன் தோல் ஆழம் (புலம் உள்ளே மங்குவதற்கு வேண்டிய தடிமன்) ஆறரை மி.மீ. இருக்கும், நீங்கள் ஒட்டியது அதில் நூறில் ஒரு பங்கு கூட வந்திருக்காது.

ஆகவே காந்தப் பிக்அப்பைக் கழற்றி வைத்துவிட்டு பீசோ, அதாவது அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற சில்லு, போடுங்கள். பீசோவுக்குக் காந்தம் என்றால் என்னவென்றே தெரியாது, அது அழுத்தத்தை மட்டும் கேட்கும். ஆய்வாளர் ஆண்ட்ரூ மெக்ஃபெர்சன் பியானோவின் கம்பிகளுக்கு மேல் மின்காந்தங்களை வரிசையாக வைத்து மேக்னெடிக் ரெசொனேட்டர் பியானோ செய்தபோதும் சவுண்ட்போர்டில் ஒட்டிய பீசோவிலிருந்துதான் சிக்னல் எடுத்தார். ஒரு எச்சரிக்கை, பீசோ வயர் காயில் வயருக்குப் பக்கத்தில் ஓடினால் மின்னழுத்தம் கசியும், அங்கே மட்டும் ஷீல்டு கேபிள் கட்டாயம்.

மொபைல் சோதனை தோற்றதற்குக் காரணம் கம்பி மிகவும் கறாரான பொருள் என்பதுதான். ஒலி 60 டெசிபல் இறங்கப் பத்து வினாடி எடுத்துக்கொள்கிற கம்பிக்கு ஒத்ததிர்வு அகலம் ஏறக்குறைய 0.2 ஹெர்ட்ஸ். உங்கள் ஏ கம்பி 110.5ல் நின்றிருந்தால் 110 அதற்கு அந்நியம். அதனால்தான் கம்பியின் அதிர்வையே எடுத்து அதற்கே திருப்பிக் கொடுக்கிற முறை வேண்டியிருக்கிறது.

ஆறு காயில் இப்போதைக்கு வேண்டாம். 2008ல் பால் வோ வடிவமைத்து மூக் என்ற சிந்தசைசர் நிறுவனம் கொண்டுவந்த கிட்டார் கம்பிகளை ஆட்டவும் செய்தது, அணைக்கவும் செய்தது. அந்த அளவுக்குப் போக ஒவ்வொரு கம்பிக்கும் தனிப் பிக்அப்பும் வேண்டும். முதலில் ஒரு கம்பி பாடட்டும்.


காயில்கட்டு எழுதியது:

நான் மோட்டார் ரீவைண்டிங் வேலை செய்பவன், பாட்டு தெரியாது, காயில் தெரியும். இரும்புப் பட்டை என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரே கட்டியான பட்டையா? அப்படியென்றால் அதை எடுத்துவிட்டு, பழைய எலிமினேட்டர் (பேட்டரிக்குப் பதில் செருகுகிற அடாப்டர்) டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிற சிலிக்கான் ஸ்டீல் தகடுகளை வெட்டி ஐந்தாறு சேர்த்து வார்னிஷ் பூசி அடுக்குங்கள். கட்டி இரும்பில் சுழல் மின்னோட்டம் ஓடி வீணாகச் சூடாகும், மேல் அதிர்வெண்ணில் வேகமும் குறையும்.

அப்புறம் நீங்கள் நிரந்தரக் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. இருக்கிறதா? இல்லையென்றால் அது பெரிய தப்பு. வெறும் மின்காந்தம் மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் கம்பியை இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. அப்போது ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு, நீங்கள் 110 கொடுத்தால் கம்பி 220ல் இழுபடும். அடியில் ஒரு காந்தம் இருந்தால் அது நிலையாக இழுத்துக்கொண்டிருக்கும், காயில் அந்த இழுப்பைக் கூட்டும் குறைக்கும், அப்போதுதான் ஒரு சுற்றுக்கு ஒரு இழுப்பு. ஸ்பீக்கரில் இருந்து எடுத்த ஃபெர்ரைட் துண்டு போதும். நியோடிமியம் வைத்து ரொம்ப நெருக்கினால் கம்பியையே இழுத்துச் சுருதியைக் கெடுத்துவிடும் என்று எங்கள் கடைக்குப் பிக்அப் கட்ட வருகிற கிட்டார் பையன்கள் சொல்லுவார்கள்.

சுற்றி முடித்ததும் அரால்டைட் ஊற்றி இறுக்கிவிடுங்கள். தளர்ந்த சுற்று தானே அதிரும், அந்த அதிர்வைப் பீசோ கேட்டுவிடும். இன்னொன்று, வெளிநாட்டு வீடியோ பார்த்துப் பிக்அப் கட்டுகிறவர்கள் 42 கேஜ் என்று கேட்டு வாங்கி ஏமாறுகிறார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்க கேஜ், 0.063 மி.மீ. நம் கடையில் 42 என்று கொடுப்பது 0.1 மி.மீ. இங்கே 46 என்று கேட்க வேண்டும். உங்கள் காயிலுக்கு 36 சரிதான், அது 0.19 மி.மீ., அதில் எட்டு ஓமுக்கு 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும், உங்கள் நூறு சுற்றுக்குக் கணக்குப் பொருந்துகிறது.


கம்பிநாதம் எழுதியது:

துண்டு போட்டு அமுக்கிப் பார்த்தேன், அப்படியே கத்தியது. ஓம்விதி சார், பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். காயில்கட்டு அண்ணா சொன்னபடி தகடு அடுக்கி, புதிதாகச் சுற்றி, அடியில் ஃபெர்ரைட் வைத்தேன். காந்தம் முன்பு இல்லவே இல்லை, எவ்வளவு நாள் வீணாக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. பிரிட்ஜுக்கு நேர் கீழே உள்பக்கம் 27 மி.மீ. பீசோ வட்டு ஒட்டி, டிஎல்072 பஃபர் (பீசோவின் பலவீனமான சிக்னலைத் தாங்கிக் கொடுக்கிற சிப்) வழியாக எல்எம்386க்குக் கொடுத்தேன்.

கத்தல் போயே போய்விட்டது! ஆனால் இப்போது வேறு விநோதம். காயில் வயரை ஒரு பக்கமாகக் கொடுத்தால் மீட்டிய சுரம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் செத்துவிடுகிறது. திருப்பிக் கொடுத்தால் அடிச்சுரம் வருவதில்லை, கொஞ்ச நேரத்தில் எங்கோ மேலே ஒரு ஹார்மோனிக் (அடிச்சுரத்தின் மடங்கு அதிர்வெண்) மட்டும் புல்லாங்குழல் மாதிரி எழும்புகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் கேட்டது அதை இல்லையே. டியூனரில் பார்த்தால் சுருதியும் ஒரு மயிரிழை நகர்கிறது.


ஓம்விதி எழுதியது:

அருமை, இது முன்னேற்றம்தான். உங்கள் அறிகுறி மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன, ஃபேஸ், அதாவது தள்ளுகிற நேரம், 90 டிகிரி (கால் சுற்று) தள்ளி இருக்கிறது. காந்தப் பிக்அப் கம்பியின் வேகத்தைக் கேட்கிறது. கம்பியை ஆட்டவும் வேகத்தோடு ஒத்த விசைதான் வேண்டும், ஆகவே அதைப் பெருக்கி அப்படியே கொடுத்தால் சரியாகிவிடும். பீசோ கேட்பது கம்பி பிரிட்ஜை அழுத்துகிற விசையை, அது கம்பி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு ஒத்துப் போகும், வேகத்தோடு அல்ல. விலகலோடு ஒத்த விசையைக் கொடுத்தால் கம்பி கொஞ்சம் விறைப்பாகவோ தளர்வாகவோ ஆனது போல நடந்துகொள்ளும், சுருதி நகர்வது அதனால்தான், ஆற்றல் ஏறாது. காயிலின் இண்டக்டன்ஸ் கொடுக்கிற சிறு தாமதம் மேல் அதிர்வெண்ணில் பெரிதாவதால் அங்கே மட்டும் ஒரு பக்கத்தில் ஹார்மோனிக் எழும்புகிறது, மறுபக்கத்தில் சாகிறது.

மருந்து: பஃபருக்கு அப்புறம் 10 நானோஃபாரட் கெபாசிட்டரைத் தொடராகவும் 10 கிலோ ஓமை கிரவுண்டுக்கும் போட்டு ஒரு டிஃபரன்ஷியேட்டர் (விலகல் சிக்னலிலிருந்து வேகத்தின் சிக்னலை எடுக்கிற சுற்று) செய்யுங்கள். 1.6 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அது 90 டிகிரிக்குக் கிட்டத்தில் முன்னே தள்ளிக் கொடுக்கும்.


அலைமுகம் எழுதியது:

ஓம்விதி சொன்ன காரணம் முழுக்கச் சரி, மருந்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. டிஃபரன்ஷியேட்டர் மேல் அதிர்வெண்ணைத் தூக்கும், கீழே இருப்பதை நசுக்கும். 82 ஹெர்ட்ஸ் அடிக் கம்பியில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சின்ன ஃபேஸ் பிழை இருந்தாலும் மறுபடி ஹார்மோனிக்தான் முதலில் பாய்ந்து பிடித்துக்கொள்ளும். நான் ஒரு வருடத்துக்கு முன் இதே இடத்தில் மாட்டிக்கொண்டேன், கிட்டாரிலிருந்து விசில் மட்டும்தான் வந்தது.

தலைகீழாகச் செய்யுங்கள். 10 கிலோ ஓமைத் தொடராகவும் 0.47 மைக்ரோஃபாரட்டை கிரவுண்டுக்கும் போடுங்கள், அதாவது 34 ஹெர்ட்ஸில் தொடங்குகிற லோ பாஸ், மேல் அதிர்வெண்ணைக் குறைக்கிற ஃபில்டர். இது 90 டிகிரி பின்னே தள்ளும், காயில் வயரைத் திருப்பிப் போட்டால் பின்னே 90 முன்னே 90 ஆகிவிடும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. 82 ஹெர்ட்ஸில் இந்த ஃபில்டர் 68 டிகிரிதான் தள்ளும், காயில் தாமதம் அங்கே மிகக் குறைவு. 330 ஹெர்ட்ஸ் மேல் கம்பியில் ஃபில்டர் 84 தள்ளும், காயில் இன்னொரு 15 டிகிரி அளவு சேர்க்கும், மொத்தம் 99. இரண்டு பக்கமும் 90ஐச் சுற்றியே நிற்கிறது, கம்பிக்கு இவ்வளவு துல்லியம் தாராளம். டிஎல்072வின் மறு பாதியில் பத்து மடங்கு கெய்ன் (பெருக்கம்) வையுங்கள், ஃபில்டரில் போனதை அது ஈடுகட்டும். எல்எம்386 கிளிப் ஆனால் (அலையின் உச்சி வெட்டுப்பட்டால்) பயப்பட வேண்டாம், கம்பி தனக்கு வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும், கிளிப் ஆவதே அளவுக் கட்டுப்பாடாகவும் வேலை செய்யும். ஓம்விதியின் டிஃபரன்ஷியேட்டரை வீணாக்க வேண்டாம், ஒரு சுவிட்ச் போட்டு வைத்தால் அது உங்கள் ஹார்மோனிக் மோடு.

பீசோ வட்டு இருக்கிற இடமும் சரியில்லை. பிரிட்ஜுக்கு அடியில் பலகை வளைவதைத்தான் அது கேட்கிறது, பலகைக்கென்று தனி ஒத்ததிர்வுகள் உண்டு, ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் ஃபேஸ் புரளும். சேடிலுக்கு அடியில் வைக்கிற பட்டைப் பீசோ வாங்குங்கள். அதன் கொள்ளளவு வட்டைவிடப் பல மடங்கு குறைவு, பஃபர் உள்ளீட்டில் 10 மெகா ஓமாவது வேண்டும், இல்லையென்றால் அடிச்சுரம் காணாமல் போய்விடும். அந்தப் பஃபரிலிருந்தே கேபிளுக்கும் ஒரு வயர் எடுத்துவிடலாம், ஃபில்டருக்கு முன்னாலேயே.

காயிலை 19 செ.மீ.யில் வைத்தது நல்ல தேர்வு. 648 மி.மீ. கம்பியில் அந்த இடத்தில் முதல் மூன்று ஹார்மோனிக்கும் பிரிட்ஜ் பக்கத்தோடு ஒரே திசையில் ஆடும், நாலாவது எதிர்த்திசை. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தினால் இரண்டாவதே எதிர்த்திசைக்குப் போய்விடும், ஆகவே மேலே போகப் போக அடிச்சுரம் மட்டும் தூய்மையாக நிற்கும்.


மரவாசம் எழுதியது:

எலெக்ட்ரானிக்ஸில் நான் தலையிடவில்லை. காயிலை எதில் பொருத்தியிருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். மேல் பலகையில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அந்தப் பலகை இரண்டரை மூன்று மி.மீ. தடிமன்தான், அது ஆடித்தான் கிட்டார் ஒலிக்கிறது, அதன் மேல் இரும்பும் காந்தமும் ஏற்றினால் நீங்கள் காப்பாற்ற நினைத்த மரத்தின் ஒலியே போய்விடும். ஃபிரெட்போர்டின் கடைசித் துண்டு கழுத்துக்கட்டை மேல் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஒரு அலுமினியப் பட்டை நீட்டி அதில் காயிலைத் தொங்கவிடுங்கள்.

கம்பியும் முக்கியம். ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் செட்டில் உள்ளே ஸ்டீல், மேலே சுற்றியிருப்பது காந்தத்துக்கு ஒட்டாது. ஆகவே சுற்றுக் கம்பி நாலும் காயிலுக்கு மெலிதாகத்தான் தெரியும். காயிலை அடிக் கம்பிப் பக்கம் உயர்த்திச் சாய்வாக வையுங்கள். நிக்கல் சுற்றிய மின்சாரக் கிட்டார் கம்பி போட்டால் இழுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பெட்டியில் அந்தப் பளபளப்பு வராது. உங்களுக்கு எது வேண்டுமோ அது.


கம்பிநாதம் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். காயிலை மேல் பலகையில்தான் ஒட்டியிருந்தேன், எடுத்துப் பட்டையில் தொங்கவிட்டேன். சேடில் பீசோ, லோ பாஸ், வயரைத் திருப்பிப் போட்டது, எல்லாம் ஆயிற்று. நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு டி கம்பியை மெல்லத் தொட்டேன். முதலில் சாதாரணமாகத்தான் ஒலித்தது, அப்புறம் குறையாமல் அப்படியே நின்றது, அப்புறம் வளர ஆரம்பித்தது. எந்த வயரும் வெளியே போகவில்லை, மரம்தான் பாடுகிறது. அம்மா எழுந்து வந்து தம்புரா வாங்கினாயா என்று கேட்டார்கள். கீழ் நாலு கம்பியும் நிற்கின்றன. கம்பியை இழுத்துக் கமகம் கொடுத்தால் கூடவே வருகிறது, பிடி விடுவதில்லை.

இரண்டு குறை இருக்கிறது. பி கம்பி சோம்பேறியாக இருக்கிறது, பலமாக மீட்டினால்தான் பிடிக்கிறது. அப்புறம் ஜி கம்பியில் முதல் ஃபிரெட் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது, அதற்கு மேலும் கீழும் சரியாக இருக்கிறது.


மரவாசம் எழுதியது:

ஜி கம்பியின் முதல் ஃபிரெட் என்றால் 208 ஹெர்ட்ஸ். இந்த அளவுப் பெட்டியில் மேல் பலகையின் முதல் பெரிய ஒத்ததிர்வு பெரும்பாலும் 200ஐ ஒட்டித்தான் விழும். அந்தச் சுரத்தில் பலகை கம்பியின் ஆற்றலை அள்ளிக் குடித்துவிடுகிறது, மீட்டிய உடனே சத்தமாகக் கேட்டுச் சட்டென்று அணையும், கவனித்துப் பாருங்கள். வீணைக்கு மேளம் கட்டுகிற (மெட்டுகளைப் பதிக்கிற) மெழுகில் ஒரு சின்ன உருண்டை எடுத்து, ஐந்து கிராம் போதும், பிரிட்ஜுக்கு உள்பக்கம் ஒட்டிப் பாருங்கள். ஒத்ததிர்வு கொஞ்சம் கீழே இறங்கும், இரண்டு சுரத்துக்கு நடுவில் போய் நிற்கிற மாதிரி மெழுகைக் கூட்டிக் குறைத்துப் பிடிக்கலாம். பிடிக்கவில்லையென்றால் சுரண்டி எடுத்துவிடலாம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

பி கம்பிக்கு, நான் சாய்க்கச் சொன்னதில் அந்தப் பக்கம் ரொம்பக் கீழே போயிருக்கும். அரை மி.மீ. உயர்த்துங்கள்.


காயில்கட்டு எழுதியது:

பி கம்பிக்கு நேரே மட்டும் தகட்டு அடுக்கின் மேல் ஒரு சின்ன இரும்புத் துண்டு ஒட்டினாலும் போதும் தம்பி, முழுக் காயிலையும் அசைக்க வேண்டாம். ஓடும்போது காயிலைத் தொட்டுப் பாருங்கள், அரை மணி நேரத்துக்கு அப்புறமும் கை வைக்க முடிந்தால் பயமில்லை. இந்தப் பக்கம் வந்தால் கிட்டாரையும் கொண்டுவாருங்கள், நான் கட்டுகிற காயில் எல்லாம் தண்ணீர் மோட்டாருக்கும் மிக்சிக்கும்தான் போகிறது, ஒன்றாவது பாடுவதைக் கேட்க வேண்டும்.